கீழே ஒண்ணுமே தெரியலைடா!

ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. எங்க ஹாஸ்டல் கணக்குப்படி அது விடியற்காலை. ரூம்மேட்டோட போன் அலறுச்சு. எடுத்தா, அவனோட அண்ணன். அமெரிக்காவில், அரிசோனாவில் பைலட் ட்ரெய்னிங் எடுத்துக்கிட்டு இருக்கார். ஊர்ல இருக்கிற வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சுட்டுப் போன மனுஷன்.

"டேய், முதல் நைட் கிராஸ்-கன்ட்ரி முடிச்சுட்டேன்டா!"

ஸ்பீக்கரில் போட்டோம். "எப்படிண்ணே இருந்துச்சு?"

"ஊர் மேல பறக்கிறப்போ திருக்கார்த்திகை மாதிரி இருந்துச்சு. ஊரைத் தாண்டினதும் கீழே ஒண்ணுமே தெரியலைடா. சுத்தமா இருட்டு."

ரூம்மேட் பாதித் தூக்கத்தில் சொன்னான்: "ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதானே? இடிக்கிறதுக்கு எதுவும் இல்லை!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அப்புறம் கொஞ்சம் சீரியஸான குரல். "இல்லைன்னு எங்கடா சொன்னேன்? தெரியலைன்னு சொன்னேன். அங்கே மலை இருக்கு."

அடுத்த மாசம் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல், ராத்திரியில் தனியா அவர் பறக்கணும். போனை வச்சதும் ரூம்மேட் திரும்பவும் போர்வைக்குள் போயிட்டான். எனக்குத்தான் தூக்கம் போச்சு. திங்கள்கிழமை இன்டர்னலுக்கு ரெண்டு யூனிட் பாக்கி இருந்தது. அதை விட்டுட்டு விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்க ஆரம்பிச்சேன். (அம்மா இதைப் படிச்சா... ஸாரிம்மா.)

படிச்ச வரைக்கும் என்னை ரொம்ப உலுக்கினது ஒரு விஷயம். இந்த விபத்துகள் பலதில் இன்ஜின் நல்லா ஓடியிருக்கு, றெக்கை நல்லா இருந்திருக்கு, பைலட்டும் அனுபவசாலி. நல்ல நிலைமையில் இருந்த விமானம் நேராப் போய் மலையில் மோதியிருக்கு. விமானத்துறையில் இதுக்கு ஒரு பேரே இருக்கு: 'கன்ட்ரோல்டு ஃப்ளைட் இன்டு டெரெய்ன்'. சுருக்கமா 'சிஃபிட்'. நம்ம பாஷையில் சொன்னா, விமானம் கடைசி நொடி வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்டது. சொன்னதுதான் தப்பு.

அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி

2011 நவம்பர் 23. அமெரிக்காவில் மறுநாள் 'தேங்க்ஸ்கிவிங்'. நம்ம தீபாவளி மாதிரி எல்லாரும் வீட்டுக்கு ஓடுற நாள். அரிசோனாவில் மேசா நகரத்தின் ஃபால்கன் ஃபீல்டு விமான நிலையத்திலிருந்து சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் ஒரு ரெட்டை இன்ஜின் விமானம் கிளம்பியது. மூணு பெரியவங்க, மூணு குழந்தைகள். போக வேண்டியது தென்கிழக்கில் இருக்கிற சாஃபர்டு என்ற சின்ன ஊர். பைலட்டுக்குப் பழகின பாதை. மழை இல்லை, புயல் இல்லை.

நடுவில் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடர். அதில் ஓர் உச்சி 5,057 அடி. விமானம் பறந்த உயரம் சுமார் 4,500 அடி. கிளம்பிச் சில நிமிஷத்தில் மோதியது. ஆறு பேரும் போயிட்டாங்க.

ஐந்நூத்திச் சொச்சம் அடிதான் வித்தியாசம். ஏன் இன்னும் மேலே ஏறலை? அந்த இடத்தில் 5,000 அடிக்கு மேலே ஃபீனிக்ஸ் பெரிய ஏர்போர்ட்டின் கட்டுப்பாட்டு வான்பகுதி. உள்ளே போகணும்னா ரேடியோவில் அனுமதி கேட்கணும். கேட்டிருக்கலாம். மலையைச் சுத்திப் போயிருக்கலாம். பகலில் அதே பைலட் அதே உயரத்தில் அதே திசையில் போயிருந்தால், கண்ணாடி முழுக்க மலை தெரிஞ்சிருக்கும். ஒரு திருப்பு திருப்பியிருப்பார். ஆனா அது நிலா இல்லாத ராத்திரி. ரெண்டு நாளில் அமாவாசை.

விசாரணை செய்த என்.டி.எஸ்.பி. (அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்) சொன்ன காரணம் இதுதான்: நிலா இல்லாத ராத்திரிக்கு ஏத்த பாதையையும் உயரத்தையும் பைலட் கடைப்பிடிக்கலை. கூடவே ஒரு வார்த்தை சேர்த்தாங்க, 'மெத்தனம்'. ரேடாரில் கவனிச்சுச் சொல்ற கன்ட்ரோலர் சேவை இருந்தும் அதைக் கேட்கலை என்பதையும் எழுதினாங்க.

பழகின பாதைங்கிறதே இங்கே வினையாயிடுச்சோன்னு எனக்குத் தோணுது. தெரியாத ஊர்னா நாம மேப்பைப் பார்க்கிறோம். தெரிஞ்ச ஊர்ல யார் பார்க்கிறா?

கண்ணு பண்ற கோல்மால்

இதை நீங்களே டெஸ்ட் பண்ணலாம். அடுத்த தடவை கரன்ட் போனால் திட்டாம மொட்டை மாடிக்குப் போங்க. மங்கலான ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு நேராப் பாருங்க. மறைஞ்சிடும். கொஞ்சம் பக்கத்தில் பாருங்க. திரும்ப வந்துடும்!

பிளஸ் டூ பயாலஜி ஞாபகம் இருக்கா? விழித்திரையில் கூம்பு செல், குச்சி செல்னு ரெண்டு வகை. நிறமும் நுணுக்கமும் பார்க்கிறது கூம்பு. குறைஞ்ச வெளிச்சத்தில் வேலை செய்றது குச்சி. விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்லே கிடையாது. அதனால் இருட்டில் எதை நேராப் பார்க்கிறோமோ, அதுதான் தெரியாது. ஒரு மலையை நேருக்கு நேர் முறைச்சுப் பார்த்துக்கிட்டே அதில் போய் முட்டலாம்.

குச்சி செல் முழுசா இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது காக்பிட்டில் பளிச்னு டார்ச் அடிச்சா, பழையபடி முதலிலிருந்து. இது போதாதுன்னு அதுக்கு ஆக்ஸிஜனும் நிறைய வேணும். பகலில் 10,000 அடிக்கு மேலே ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டுக்கிறது நல்லதுன்னு பைலட்டுகளுக்குச் சொல்ற அமெரிக்க விமானத்துறை, ராத்திரியில் 5,000 அடியிலேயே போட்டுக்கச் சொல்லுது. மலையைத் தாண்ட உயரே போகணும். உயரே போனா கண் மங்கும். சரியான சிக்கல்!

காதுக்குள்ளே இருக்கிற பேலன்ஸ் உறுப்பும் சேர்ந்து ஏமாத்தும். டேக்-ஆஃப் ஆகி விமானம் வேகம் எடுக்கிறப்போ முதுகு சீட்டோடு ஒட்டும் இல்லையா? வெளியே பார்க்க எதுவும் இல்லைன்னா, மூளை அதை 'மூக்கு ரொம்ப மேலே தூக்கியிருக்கு'ன்னு புரிஞ்சுக்கும். உடனே கை தானா மூக்கைக் கீழே அழுத்தும். கீழே என்ன இருக்கு? அதே இருட்டு.

தூரத்தில் சரிவா ஒரு தெருவிளக்கு வரிசை இருந்தா, அதுதான் அடிவானம்னு நினைச்சு விமானத்தையே சாய்ச்சுடுவாங்க. சுத்திலும் கும்மிருட்டு, நடுவில் ரன்வே விளக்கு மட்டும்னா, 'ரொம்ப உயரத்தில் இருக்கோம்'னு தோணும். இறங்கி இறங்கி ரன்வேக்கு முன்னாடியே தரையில் போய் உட்காருவாங்க.

எல்லாத்துக்கும் நடுவில் கண் தர்ற ஒரே ஒரு துப்பு உண்டு. எதிரே தூரத்தில் ஓர் ஊரின் விளக்குகள் தெரியுதுன்னு வைங்க. அது கீழே இருந்து ஒண்ணொண்ணா அணைஞ்சா, ஊரில் கரன்ட் போயிடுச்சுன்னு நினைக்கக் கூடாது. உங்களுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் எதுவோ எழுந்து நிக்குது. மலைக்கு அந்தப் பக்கம் ஊரே இல்லைன்னா? அந்தத் துப்பும் கிடையாது.

ஒரே மலை, ரெண்டு தடவை

இப்போ கலிஃபோர்னியா. சான் டியேகோ பக்கத்தில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி பிரவுன் ஃபீல்டு என்று ஒரு சின்ன விமான நிலையம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 530 அடி. கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஓட்டை மலை. (பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, அங்கே அப்படித்தான் உச்சரிப்பு.) உயரம் சுமார் 3,570 அடி. பகலில் ரன்வேயில் நின்னாலே தெரியும்.

1991 மார்ச் 16, ராத்திரி ஒண்ணே முக்கால் மணி வாக்கு. அதுவும் அமாவாசையை ஒட்டிய ராத்திரிதான். ரீபா மெக்கென்டயர் என்ற புகழ்பெற்ற பாடகியின் இசைக்குழு சான் டியேகோவில் கச்சேரி முடிச்சுட்டுக் கிளம்புது. ரெண்டு சின்ன ஜெட் விமானங்கள். பாடகி அதில் போகலை. முதல் விமானத்தில் குழுவினர் எட்டுப் பேர், பைலட்டுகள் ரெண்டு பேர்.

கிளம்புறதுக்கு முன்னாடி பைலட் போனில் விமானத் தகவல் நிலையத்தைக் கூப்பிட்டுப் பேசியிருக்கார். மேலே கட்டுப்பாட்டு வான்பகுதி இருப்பதால், அதில் மாட்டாமல் 3,000 அடிக்குக் கீழேயே போயிடலாமான்னு யோசனை. அந்தப் பக்கம் இருந்தவர் சரின்னுட்டார். வான்பகுதியின் எல்லையைப் பத்திப் பேசினாங்க. மலையைப் பத்தி ரெண்டு பேரும் பேசலை. பைலட்டுக்கு அந்த இடம் புதுசு. டேக்-ஆஃப் ஆன சில நிமிஷத்தில், சுமார் 3,300 அடி உயரத்தில், விமானம் ஓட்டை மலையில் மோதியது. பத்துப் பேரும் பலி. பின்னாடி கிளம்பின ரெண்டாவது விமானம் பத்திரமாப் போய்ச் சேர்ந்தது.

இத்தோட முடிஞ்சிருந்தா ஒரு சோகக் கதை. முடியலை.

2004 அக்டோபர் 24. அதே பிரவுன் ஃபீல்டு. நள்ளிரவு தாண்டி அரை மணி கூட ஆகலை. நோயாளியை இறக்கிவிட்டுட்டு, சொந்த ஊரான ஆல்புகர்க்கிக்குத் திரும்பக் கிளம்புது ஓர் ஆம்புலன்ஸ் விமானம். லியர்ஜெட். ரெண்டு பைலட், மூணு மருத்துவக் குழுவினர். எல்லாருக்கும் நாள் முழுக்க வேலை பார்த்த அசதி. மேகம் தாழ்வா இருந்தது. அனுமதியை வானத்தில் போய் வாங்கிக்கலாம்னு மேகத்துக்குக் கீழேயே பறந்து கன்ட்ரோலரைக் கூப்பிட்டாங்க. கன்ட்ரோலர் ரேடாரில் அடையாளம் கண்டுபிடிச்சு ஒரு திசை கொடுத்தார். அந்தத் திசையில் இருந்தது ஓட்டை மலை.

கன்ட்ரோலரின் கருவியில் 'ரொம்பத் தாழ்வாப் பறக்குது'ன்னு எச்சரிக்கை வந்தது. அது பைலட்டுகளுக்குச் சொல்லப்படலை. ஐந்து பேரும் போயிட்டாங்க. அதே மலை. பதிமூணு வருஷ இடைவெளி.

ரெண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது எங்க குரூப் புராஜெக்ட். "சர்க்யூட்டை நீ செக் பண்ணியிருப்பேன்னு நினைச்சேன்." "நான் நீ பண்ணியிருப்பேன்னு நினைச்சேன்." எங்களுக்கு ஓர் ஐ.சி. புகைஞ்சு போச்சு, அவ்ளோதான். அங்கே, சரின்னுட்டாங்களேன்னு பைலட் நினைச்சிருப்பார். தனக்கு எதிரே என்ன இருக்குன்னு பைலட்டுக்குத் தெரியாதான்னு தரையில் இருந்தவர் நினைச்சிருப்பார். நடுவில் மலையைப் பார்க்க ஆளே இல்லை. பகலா இருந்தா, இந்த மாதிரி மறதியைக் கண்ணு காப்பாத்திக் கொடுத்துடும். ராத்திரியில் அந்தக் கடைசி வாட்ச்மேன் லீவு.

சின்ன விமானம், பெரிய காத்து

சரி, மலையைத் தாண்டுற உயரத்துக்கு ஏறிட்டா பிரச்னை தீர்ந்ததா? ட்ரெய்னிங்கில் ஓட்டுற செஸ்னா 172 மாதிரி விமானங்களுக்கு அதுவே பெரிய வேலை. கடல் மட்டத்தில் நிமிஷத்துக்கு சுமார் 700 அடி ஏறும். உயரே போகப் போகக் காத்து மெலிஞ்சு இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். 10,000 அடியில் அந்த வேகம் பாதிக்கும் கீழே.

மலை மேலே காத்து சும்மா இருக்காது. ஆத்துத் தண்ணி பாறை மேலே ஏறி அந்தப் பக்கம் விழுற மாதிரி, காத்தும் மலை முகட்டில் ஏறி மறுபக்கம் சரியும். அந்தச் சரிவு நிமிஷத்துக்கு ஆயிரம் அடிக்கு மேலே கூட இருக்கலாம். கணக்கு போடுங்க: நீங்க 300 அடி ஏறுறீங்க, காத்து 1,000 அடி இறக்குது. ஃபுல் த்ராட்டில் கொடுத்தும் நிமிஷத்துக்கு 700 அடி கீழே போய்க்கிட்டு இருப்பீங்க. பகலில், மலை மேலே லென்ஸ் மாதிரி நிக்கிற மேகம் இதைக் காட்டிக் கொடுக்கும். ராத்திரியில் அதுவும் தெரியாது.

அதனால்தான் முகட்டை நேரா வெட்டாமல் 45 டிகிரி சாய்வாக நெருங்கச் சொல்றாங்க. காத்து அமுக்கினா சுலபமாத் திரும்பி ஓடிடலாம்.

இருக்கிறது ஒரே ஒரு இன்ஜின். அது நின்னா? பைலட்டுகள் மத்தியில் ஒரு பழைய கடி ஜோக்: ராத்திரியில் இன்ஜின் நின்னா, தரைக்குப் பக்கத்தில் வந்ததும் லேண்டிங் லைட்டைப் போடுங்க. கீழே தெரியுறது பிடிக்கலைன்னா, லைட்டை அணைச்சுடுங்க! முதலில் சிரிச்சேன். அப்புறம் அண்ணன் ஞாபகம் வந்துச்சு. சிரிப்பு நின்னுடுச்சு.

ஒரு நிஜ பேட்மேன்

இன்ஜினீயரிங் படிக்கிற நமக்கு இதில் ஒரு ஹீரோ உண்டு. பேர் டான் பேட்மேன். முகமூடி போட்ட ஆள் இல்லைங்க, கனடாவில் பிறந்த இன்ஜினீயர். விமானம் தரையை ஆபத்தா நெருங்கினால் காக்பிட்டில் கத்துற கருவியை உருவாக்கினவர். முதலில் வந்த கருவி ரேடியோ அலையைக் கீழே அனுப்பி உயரம் பார்த்தது. அதில் ஒரு குறை: நேர் கீழே மட்டும்தான் தெரியும். எதிரே செங்குத்தா மலை வந்தா, எச்சரிக்கை லேட்டா வரும்.

சோவியத் யூனியன் உடைஞ்ச பிறகு, அவங்க வச்சிருந்த உலக நிலப்பரப்புத் தகவல்கள் விலைக்கு வந்தது. பேட்மேனின் குழு அதை வாங்கி, ஜி.பி.எஸ்ஸோடு சேர்த்தது. இப்போ கருவிக்கு எதிரே இருக்கிற மலையும் முன்கூட்டியே தெரியும். "டெரெய்ன்! புல் அப்!" 2023-ல் அவர் காலமானார். அவர் காப்பாத்தினவங்கள்ல பலருக்கு அவர் பேர்கூடத் தெரிஞ்சிருக்காது.

ஆறு அல்லது அதுக்கு மேல பயணிகள் சீட் உள்ள டர்பைன் விமானங்களுக்கு அமெரிக்கா இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. பழைய விமானங்களுக்குக் கொடுத்த கெடு 2005 மார்ச் 29. ஓட்டை மலையின் ரெண்டாவது விபத்து நடந்தபோது அந்தக் கெடுவுக்கு இன்னும் ஐந்து மாசம் பாக்கி. சின்ன செஸ்னாவுக்கு இப்பவும் கட்டாயம் இல்லை. ஆனா டேப்லெட் ஆப்பிலேயே மலையைச் சிவப்பாக் காட்டுற வசதி வந்துடுச்சு. சிவப்பு வந்தா திரும்பணும். 'எனக்குத்தான் பாதை தெரியுமே'ன்னு உட்கார்ந்திருந்தா ஆப் என்ன பண்ணும்?

அந்தப் பெரிய நம்பர்

பைலட்டுகள் வச்சிருக்கிற வரைபடத்தில் கட்டம் கட்டமா இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பெருசா ஒரு நம்பர். அந்தக் கட்டத்துக்குள்ளே இருக்கிற மலை, டவர் எல்லாத்தையும் விட அது கொஞ்சம் கூடுதலா இருக்கும். கருவி பார்த்துப் பறக்கிறவங்களுக்கு மலைப்பகுதியில் பாதையை ஒட்டிய உயரமான இடத்தை விட 2,000 அடி மேலே இருக்கணும்னு அமெரிக்காவில் விதி. கண்ணால் பார்த்துப் பறக்கிறவங்களுக்கு ராத்திரியில் அந்த விதி கட்டாயம் இல்லை. நம்ம நாட்டில் ராத்திரியில் கண்ணை நம்பிப் பறக்கவே பொதுவா அனுமதி கிடையாது. அங்கே உண்டு. அதனால் அந்த 2,000-ஐ பைலட் தானா எடுத்துக்கணும். யாரும் கேட்க மாட்டாங்க.

பெரிய நம்பர் ப்ளஸ் ரெண்டாயிரம். ஒண்ணாங்கிளாஸ் கூட்டல். நான் படிச்ச மூணு விபத்திலும் கிளம்புறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் இந்தக் கூட்டலைப் போட்டிருந்தா, இந்த வாரம் நான் வேற ஏதாவது எழுதியிருப்பேன்.

புதன்கிழமை ராத்திரி அண்ணனுக்கு நானே போன் பண்ணினேன். ஏதோ பெரிய நிபுணர் மாதிரி ஓட்டை மலை, குச்சி செல், பேட்மேன் எல்லாத்தையும் கொட்டினேன். பொறுமையாக் கேட்டார்.

"தம்பி, உனக்கு எக்ஸாம் இல்லையா?"

"அதை விடுங்கண்ணே. உங்க ரூட்ல பெரிய நம்பர் எவ்வளவு?"

ஒரு நொடி கூட யோசிக்கலை. "ஏழாயிரத்து ஐந்நூறு. நான் போறது ஒன்பதாயிரத்து ஐந்நூறு. தொடையில் கட்டுற அட்டையில் சிவப்பு மையில் எழுதி வச்சிருக்கேன். நிலா எத்தனை மணிக்கு உதிக்கும்னும் எழுதியிருக்கேன். போதுமா?"

பக்கத்தில் இருந்த ரூம்மேட் போனைப் பிடுங்கினான். "அண்ணே, அப்போ கீழே ஒண்ணும் தெரியலைன்னாலும் பரவாயில்லையா?"

"தெரியாதுன்னு தெரிஞ்சுதானேடா கிளம்புறேன்" என்றார் அண்ணன். "அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதே."

அதுக்கப்புறம்தான் அவன் நிம்மதியாத் தூங்கினான். நானும்தான்.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுக்குள்ளே என் இன்டர்னல் மார்க் வந்திருக்கும். தயவுசெஞ்சு அதை மட்டும் யாரும் கேட்டுடாதீங்க மக்களே!